எலும்புக்குள்ளே விதைநெல்!

ஒக்கலிபுரத்தில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் ஆள் கிடைப்பது பெரிய சிரமம் அல்ல. ரயில்வே தொழிலாளி, ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரி மாணவர் என்று நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "எலும்பு மஜ்ஜை வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள்! வந்த நாலு பேரில் மூன்று பேரைக் காணமுடியாது.

"முதுகுத் தண்டிலே ஊசி போடுவார்களாம். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடுமாம்" என்பார் ஒருவர். "கல்யாணமாகாத பையன், வேண்டாம்" என்று தாய் தடுப்பாள். "பெண்பிள்ளை ஆயிற்றே, நாளைக்குப் பிள்ளை பெற வேண்டாமா?" என்று பாட்டி கேட்பாள்.

இந்தப் பயம் எதற்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் ரத்தப் புற்றுநோயிலும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையிலும் வாடும் எத்தனையோ பேருக்கு வாழ்வதற்கு இருக்கும் வழியை இந்தப் பயம்தான் அடைத்து நிற்கிறது. மஜ்ஜை என்றால் என்ன, அதற்குள் இருந்துகொண்டு வேலை செய்வது யார் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் தானாகவே விலகிவிடும்.

நல்லி எலும்பில் இருப்பது

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நல்லி எலும்பைக் கேட்டு வாங்குகிறோம். குழம்பில் வெந்த பிறகு அதைத் தட்டித் தட்டி உறிஞ்சினால் கொழகொழவென்று வருகிறதே, அதுதான் மஜ்ஜை. மனிதனின் எலும்புகளுக்குள்ளும் இதேபோல் மஜ்ஜை இருக்கிறது. வளர்ந்த மனிதனின் உடலில் எல்லா எலும்புகளிலும் உள்ளதைச் சேர்த்தால் சுமார் இரண்டரை கிலோ வரும்.

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய எல்லா எலும்புகளிலும் சிவப்பு மஜ்ஜைதான். ரத்தம் உண்டாவது அதில்தான். வயது ஏற ஏறக் கை கால் எலும்புகளின் நடுப்பகுதியில் கொழுப்பு சேர்ந்து மஞ்சள் மஜ்ஜை ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்குச் சிவப்பு மஜ்ஜை முக்கியமாக இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு, மண்டையோடு ஆகியவற்றில் மிஞ்சுகிறது.

முதுகெலும்புக்கு நடுவே ஓடும் தண்டுவடம் என்பது முற்றிலும் வேறு. அது மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புக் கற்றை. அதில் அடிபட்டால்தான் கால் விளங்காமல் போகும். மஜ்ஜை எடுக்கும் டாக்டர் தண்டுவடத்தின் பக்கமே போவதில்லை. இடுப்பெலும்பின் பின்புற மேட்டில்தான் ஊசி இறங்குகிறது. ஊரில் பரவிக் கிடக்கும் பயம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதால் வந்தது.

நொடிக்கு 20 லட்சம்!

ரத்தத்தின் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவுக்குப் பத்து நாள். கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளையணுக்களில் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே முடிந்துவிடும். மடிந்ததை ஈடுகட்ட உடல் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் கோடி!

இத்தனைக்கும் ஆதாரமாக இருப்பது மஜ்ஜையில் உள்ள மிகச் சில அணுக்கள். இவற்றை 'ஸ்டெம் செல்' என்கிறார்கள். தமிழில் குருத்தணு என்று சொல்லலாம். ஒரு மனிதனின் ரத்த உற்பத்தியில் பங்குகொள்ளும் குருத்தணுக்கள் 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை இருக்கலாம் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 59 வயது ஆண் ஒருவரிடம் செய்யப்பட்ட ஆய்வு அது.

குருத்தணுவின் வேலையை அறிய வாழைத் தோட்டத்தைப் பார்த்தால் போதும். தாய் வாழை குலை தள்ளுகிறது, பக்கத்தில் கன்றையும் விடுகிறது. குலை வெட்டப்பட்டாலும் வாழை அழிவதில்லை. குருத்தணுவும் இப்படித்தான். அது பிரியும்போது ஒரு பாதி தன்னைப் போலவே குருத்தணுவாக நின்றுவிடலாம். மறுபாதி வளர்ந்து, பலமுறை பெருகி, சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ தட்டணுவாகவோ மாறும்.

இந்தக் குருத்தணுக்கள் ஓயாமல் உழைப்பதும் இல்லை. பெரும்பாலானவை மாதக் கணக்கில் பிரியாமல் உறங்கிக் கிடக்கின்றன. அன்றாட உழைப்பை அவற்றின் வாரிசுகள் பார்த்துக்கொள்கின்றன. விவசாயி எவ்வளவு பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டான் அல்லவா? உடலும் விதைநெல்லைப் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறது. பெரிய ரத்தப்போக்கோ கடும் காய்ச்சலோ வரும்போது அதை எழுப்புகிறது.

எலிகள் சொன்ன ரகசியம்

இப்படி ஓர் அணு இருக்கிறது என்று கண்டுபிடித்த கதை ஹிரோஷிமாவில் தொடங்குகிறது. 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது தீயிலிருந்து தப்பியவர்களிலும் பலர் சில வாரங்கள் கழித்து இறந்தார்கள். கதிர்வீச்சு அவர்களின் மஜ்ஜையை அழித்திருந்தது. புது ரத்தம் ஊறவில்லை.

அதன் பிறகு பல நாடுகளில் ஆராய்ச்சி நடந்தது. கனடா நாட்டு டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில் என்ற பௌதிக விஞ்ஞானியும் எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற டாக்டரும் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜையை அழித்தார்கள். பிறகு வேறு எலியின் மஜ்ஜையை ஊசி மூலம் ஏற்றினார்கள். சுமார் பத்து நாளில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. முடிச்சுக்குள் பல வகை ரத்த அணுக்கள் இருந்தன. 1961-ல் இந்த ஆய்வு வெளியாயிற்று. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஓர் அணுவிலிருந்து பிறந்தது என்பது 1963-ல் உறுதியாயிற்று. குருத்தணு என்பது ஊகமாக இருந்த நிலை மாறி, எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாயிற்று.

இன்னொரு குடும்பம்

மஜ்ஜையில் குருத்தணுக் குடும்பம் ஒன்று மட்டும் இல்லை, இரண்டு இருக்கின்றன. ரத்தத்தை உண்டாக்குவது முதல் குடும்பம். இரண்டாவது குடும்பத்தை ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் 1960-களிலும் 70-களிலும் மாஸ்கோவில் அடையாளம் கண்டார். மஜ்ஜையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் ரத்த அணுக்கள் மிதந்து போகின்றன. சில அணுக்கள் மட்டும் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. இவற்றிலிருந்து எலும்பும் குருத்தெலும்பும் கொழுப்பும் உண்டாகும். 1991-ல் அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன் இவற்றுக்கு 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தார். மஜ்ஜைக்குக் கட்டுமானமாக நிற்பதால் தாங்கணு என்று இங்கே சொல்வோம்.

தாங்கணுவால் ரத்தம் உண்டாக்க முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் முதல் குடும்பம் பிழைக்காது. விதைக்குப் பத்தாயம் எப்படியோ, ரத்தக் குருத்தணுவுக்குத் தாங்கணு அப்படி. குருத்தணு தன் குணம் மாறாமல் இருப்பதற்கு அது தங்கும் இடமே காரணம் என்று 1978-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரே ஸ்கோஃபீல்டு சொன்னார்.

தாங்கணுக் குடும்பத்தைச் சேர்ந்த அணுக்கள் ஒரு ரசாயனத்தைச் சுரக்கின்றன. அது வீட்டு வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிற தாயின் குரல் மாதிரி. ரத்தக் குருத்தணு அந்தக் குரல் வரும் திசையில் போய் மஜ்ஜைக்குள் தங்கிவிடும்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடப்பதே இந்த அழைப்பை நம்பித்தான். அதற்கு அறுவைச் சிகிச்சை கிடையாது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். முதலில் கடுமையான மருந்தாலும் சில சமயம் கதிர்வீச்சாலும் நோயாளியின் கெட்டுப்போன மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு மற்றவரிடமிருந்து பெற்ற குருத்தணுக்களை, ரத்தம் ஏற்றுவதுபோலவே, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அவை உடல் முழுதும் சுற்றிவிட்டுத் தாங்களே எலும்பைத் தேடிப் போய்க் குடியேறுகின்றன. இரண்டு முதல் நான்கு வாரத்தில் புது ரத்தம் ஊறத் தொடங்கும்.

கொடுத்தவர் 'ஓ' பிரிவும் பெற்றவர் 'ஏ' பிரிவும் ஆனால், நாளடைவில் பெற்றவரின் ரத்தமே 'ஓ' பிரிவாக மாறிவிடும்!

ஆபத்து இல்லாத சிகிச்சை அல்ல இது. புது ரத்தம் ஊறும் வரை சின்னக் கிருமிகூட உயிரைக் குடித்துவிடும். வந்த அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று எண்ணித் தாக்குவதும் உண்டு.

பம்பாயில் தொடங்கி வேலூருக்கு

அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ் இந்தச் சிகிச்சையில் இறங்கி, தம் முதல் முயற்சிகளை 1957-ல் வெளியிட்டார். ஆரம்பத்தில் பெரும்பாலான நோயாளிகள் இறந்தார்கள். அவர் விடவில்லை. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்றம் 1983 மார்ச் மாதம் பம்பாய் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் நடந்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜை கொடுக்கப்பட்டது. செய்தவர் டாக்டர் சுரேஷ் அத்வானி. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் படித்து முன்னேறியவர் அவர்.

மூன்றாண்டுகள் கழித்து 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தப் பணியைத் தொடங்கியது. டாக்டர் மாமன் சாண்டி முன்னின்று நடத்தினார். வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு வேலூர் புதிய ஊர் அல்ல. காட்பாடியில் இறங்கினால் பக்கம்தான். இன்று அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை. பெங்களூரிலேயே பல ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

செலவு பல லட்சம் ஆகும். தலசீமியாக் குழந்தைகளுக்காக, கோல் இந்தியா நிறுவனத்தின் பணத்தில் 2017-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று 10 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. பொருத்தமான உறவினர் கொடையாளராக இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை.

இங்கும் பத்துப் பொருத்தம்!

கல்யாணத்துக்கு ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பது வழக்கம். மஜ்ஜைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள் என்றால் சிரிப்பு வரலாம். உண்மை அதுதான். ஒவ்வொருவரின் அணுவிலும் 'எச்.எல்.ஏ.' என்ற அடையாளச் சின்னங்கள் இருக்கின்றன. இவற்றில் ஐந்து வகை முக்கியம். ஒவ்வொன்றிலும் தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஆகப் பத்து. பத்தும் பொருந்தினால் உத்தமம். ரத்தப் பிரிவு பொருந்தவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

தந்தையின் ஐந்தும் ஒரு கொத்தாக வரும், தாயின் ஐந்தும் ஒரு கொத்தாக வரும். அதனால் பெற்றோர் பெரும்பாலும் பிள்ளைக்குப் பாதிப் பொருத்தம்தான். உடன்பிறந்தவர் முழுப் பொருத்தமாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. உடன்பிறந்தவர் மூன்று பேர் இருந்தால் அவர்களில் ஒருவராவது பொருந்த நூற்றுக்கு 58 வாய்ப்பு உண்டு. ஒருவரே என்றால் 25தான். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று குடும்பங்கள் சுருங்கிவிட்ட காலத்தில் வீட்டுக்குள் பொருத்தம் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகிறது. பாதிப் பொருத்தத்தோடு தாயோ தந்தையோ கொடுக்கும் முறை இப்போது வந்துவிட்டது. என்றாலும் முழுப் பொருத்தம் கிடைத்தால் டாக்டர்களுக்குக் கவலை குறையும்.

வீட்டில் கிடைக்காதபோது ஊரில் தேட வேண்டும். உலகம் முழுதும் பெயர் கொடுத்து வைத்திருக்கும் கொடையாளர்கள் 4 கோடிக்கு மேல். இவர்களில் மிகப் பெரும் பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்கள். இந்தியாவில் சேர்ந்தவர்கள் சில லட்சம் பேர் மட்டுமே. 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் இது எந்த மூலைக்கு?

எச்.எல்.ஏ. கொத்துகள் தலைமுறை தலைமுறையாக ஒரே வழிவந்த மக்களிடையே திரும்பத் திரும்ப வருபவை. ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பொருத்தம் ஜெர்மனியில் கிடைப்பதைவிட ஒக்கலிபுரத்திலோ ஸ்ரீராமபுரத்திலோ கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே தேடுகிறவர் கண்ணில் படும்?

கொடுப்பவருக்கு என்ன ஆகும்?

பெயர் பதிவு செய்ய ரத்தம்கூட எடுப்பதில்லை. கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொள்கிறார்கள். பொருத்தம் வந்தால்தான் அழைப்பு. பலருக்கு அழைப்பே வராமல் போகலாம்.

அழைப்பு வந்தால் இரண்டு முறைகள் உண்டு. இன்று அதிகமாகக் கையாளப்படுவது ரத்தத்திலிருந்து எடுக்கும் முறை. நாலைந்து நாள் தினமும் ஓர் ஊசி போடுகிறார்கள். அந்த மருந்து தாங்கணுக்களின் அழைப்புக் குரலைத் தற்காலிகமாக அடக்கிவிடும். குருத்தணுக்கள் மஜ்ஜையை விட்டு ரத்தத்தில் இறங்கி வரும். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போகும். குருத்தணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தம் மறு கை வழியே திரும்பி வரும். நாலைந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி போடும் நாட்களில் உடம்புவலியும் தலைவலியும் வரும். பிறகு தானே போய்விடும்.

இரண்டாவது முறையில் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிறார்கள். கொடுப்பவரின் எடையைப் பார்த்து அளவு வைப்பார்கள். சில நாள் இடுப்பு வலிக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ இதனால் தடை இல்லை.

பீடியும் கால்விரலும்

தாங்கணுவால் நேரடியாக நோயைத் தீர்க்க முடியுமா என்ற முயற்சி பெங்களூரிலேயே நடந்திருக்கிறது. பீடி, சிகரெட், புகையிலை விடாதவர்களில் சிலருக்குக் காலின் ரத்தக்குழாய்கள் அடைத்து, விரல்கள் கறுத்து, அழுகிப்போகும். இதற்குப் 'பர்கர் நோய்' என்று பெயர். நடுவயதுக்குள்ளேயே காலை எடுக்கும் நிலை வருவது உண்டு. ஆரோக்கியமான பெரியவர்கள் கொடுத்த மஜ்ஜையிலிருந்து தாங்கணுக்களை வளர்த்து, கெண்டைக்கால் தசையில் ஊசியாகப் போடும் மருந்தைப் பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்தது. 2016-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இதற்கு வரம்போடு அனுமதி கொடுத்தார். 2020-ல் அனுமதி விரிவாயிற்று. ஆனால் புகையிலையை விடாமல் எந்த ஊசி போட்டாலும் பலன் நிற்காது.

இதைக் காட்டி 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் பக்கவாதம் போகும், நீரிழிவு போகும், பேசாத குழந்தை பேசும்' என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்து ஏமாறவேண்டாம். ரத்த நோய்கள் முதலான அங்கீகரிக்கப்பட்ட சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் முறையான பரிசோதனையாக மட்டுமே நடக்கவேண்டும் என்பது 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த விதி. முறையான பரிசோதனை என்றால் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே சந்தேகப்படலாம்.

தன் விதை தனக்கே

மற்றவரிடம் வாங்காமல், நோயாளியின் சொந்தக் குருத்தணுவையே திருத்திக் கொடுக்கும் வழியும் திறந்திருக்கிறது. ஹீமோஃபீலியா என்பது சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காத பரம்பரை நோய். வேலூரில் ஐந்து நோயாளிகளின் குருத்தணுக்களை எடுத்து, அவற்றில் இல்லாத மரபுக் குறிப்பைச் சேர்த்து, அவர்களுக்கே திரும்ப ஏற்றினார்கள். அதன் பிறகு கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தப்போக்கு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர் அறிவித்தார்கள். வேலூரின் அந்த ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் பெங்களூரில் உள்ள 'இன்ஸ்டெம்' என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவாக இயங்கிவந்தது. ஐந்து பேர் என்பது சிறிய கணக்கு. இன்னும் பல ஆண்டு பார்க்கவேண்டியிருக்கிறது. அதுவரை மற்றவர் கொடுக்கும் குருத்தணுவை நம்பித்தான் பெரும்பாலான நோயாளிகள் இருக்கவேண்டும்.

சொன்ன சொல்

பெங்களூரில் ரத்த வங்கி நடத்தும் பெங்களூர் மெடிக்கல் சர்வீசஸ் டிரஸ்ட், ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். அமைப்போடு சேர்ந்து கொடையாளர் பதிவைத் தொடங்கியது. சென்னையில் 2009 முதல் 'தாத்ரி' என்ற அமைப்பு இருக்கிறது. 18 முதல் 50 வயதுக்குள் உள்ள ஆரோக்கியமானவர்கள் பெயர் கொடுக்கலாம். கொடையாளருக்குச் செலவு கிடையாது.

பெயர் கொடுக்கும் முன் வீட்டாரிடம் பேசி முடிவு செய்துகொள்வது மிக அவசியம். பெயர் கொடுத்தவர் மனம் மாறுவதற்கு உரிமை உண்டு. ஆனால் கொடையாளர் சம்மதித்த பிறகுதான் நோயாளிக்குக் கடும் மருந்து கொடுத்து அவருடைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். மருந்து ஏறிய பிறகு கொடையாளர் "வீட்டில் பயப்படுகிறார்கள், வரமாட்டேன்" என்று சொன்னால், நோயாளியிடம் பழைய மஜ்ஜையும் இருக்காது, புதியதும் வராது. பாட்டியின் பயம், தாயின் கவலை, மனைவியின் கேள்வி எல்லாவற்றுக்கும் பஞ்சுக் குச்சியைக் கையில் வாங்குவதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும்.